கால் வில்லும் 19 அங்குலச் சில்லும்: ஒட்டுசுட்டானில் ஒரு ஒஸ்ரின் செவன்

பழைய கார் ஒன்றைத் திருத்தும்போது அதன் பின்பக்க வில்லை (தகட்டு ஸ்பிறிங்கை) அளவுக்கு மீறி வளைக்கச் சொன்னது நான்தான். அதனால் மூன்று மாதத்தில் முடியவேண்டிய வேலை ஆறு மாதம் இழுத்தது. இதே வேலையில் இறங்கப்போகிறவர் முதலில் அறியவேண்டியது இதைத்தான் என்பதால் மேலேயே எழுதிவிட்டேன். எப்படி என்பது கீழே வரும்.

வண்டி ஒஸ்ரின் செவன், இங்கிலாந்தில் செய்த சின்னக் கார். பதிவுப் புத்தகத்தில் 1930 என்று இருக்கிறது. மேல் திறந்த வகை. பெரியப்பா 60களில் யாழ்ப்பாணத்தில் வாங்கி, வன்னியில் எங்கள் ஊரான ஒட்டுசுட்டானுக்குக் கொண்டுவந்து கொஞ்சக் காலம் ஓடினார். பிறகு வவுனியாவில் ஒரு சொந்தக்காரர் வளவில் கிடுகுக் கொட்டிலுக்குள் விட்டுவிட்டார். அங்கே நின்றபடியால்தான் மிஞ்சியது. எங்கள் பக்கம் நின்ற ஒஸ்ரின் ஏ 40, கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் எல்லாம் யுத்தத்தில் பெற்றோல் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ராட் எடுக்க மட்டும் நாலு துளி பெற்றோல் விடுவோம். 2009ல் அவற்றை எல்லாம் வழியில் விட்டுவிட்டுத்தான் வந்தோம். ஆகவே இந்த ஒன்றைத் திரும்ப ஓடவைக்க வேண்டும் என்பதில் எனக்கு இருந்த பிடிவாதத்தைத் தனியாக விளக்கத் தேவையில்லை.

747 சிசி எஞ்சினைப் பற்றி இங்கே எழுதவில்லை. இந்தப் பதிவு சில்லுக்கும் வில்லுக்கும் மட்டும்.

சில்லு

கொட்டிலில் இருந்து உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வந்து வளவில் இறக்கியபோது, பக்கத்து வீட்டு அம்மா “என்ன தம்பி, சைக்கிள் சில்லுப் போட்ட கார்?” என்று கேட்டா. பார்த்தால் அப்படித்தான் இருக்கும். கம்பிச் சில்லு, நடுவில் சில்லை இறுக்க மூன்றே மூன்று ஸ்ரட் (போல்ற்), றிம் 19 அங்குலம், ரயரின் அகலம் மூன்றரை அங்குலம். ரயரோடு சேர்த்து உயரம் ஏறத்தாழ 26 அங்குலம். வண்டியின் உயரத்தில் பாதிக்குச் சில்லுதான் நிற்பது போலத் தெரியும்.

ஏன் இத்தனை உயரம், இத்தனை ஒடுக்கம் என்பதை வன்னியில் இருப்பவனுக்கு மாட்டு வண்டிலை வைத்தே சொல்லிவிடலாம். தார் றோட்டு வருமுன் எந்த நாட்டிலும் பாதை எங்கள் பாதை மாதிரித்தான்: கோடையில் கிடங்கு, மாரியில் சேறு. சில்லு உயர்ந்தால் கிடங்குக்குள் குறைவாக விழும். நான் உரப் பையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10 அங்குலம் அகலமான கிடங்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 26 அங்குலச் சில்லு அதில் சரியாக ஒரு அங்குலம் இறங்கும். இப்போதைய சின்னக் கார்களின் 21 அங்குலச் சில்லு ஒன்றேகால் அங்குலம் இறங்கும். 5 அடி வண்டில் சில்லு அரை அங்குலத்துக்கும் குறைவாகத்தான் இறங்கும். கால் அங்குலம் பெரிய வித்தியாசமா என்று கேட்கலாம். ஒரு மைலில் எத்தனை கிடங்கு என்று எண்ணிப் பார்த்தால் முதுகே பதில் சொல்லும்.

ஒடுக்கமாக இருப்பதன் பயன் சேற்றில் தெரியும். அகல ரயர் மேல்சேற்றில் மிதந்து வழுக்கும். ஒடுக்க ரயர் அதை வெட்டிக்கொண்டு அடியில் இருக்கும் கிரவலைத் தொடும். 1908ல் வந்த ஃபோட் மொடல் ரீயிலும் இதே எண்ணந்தான். முன்னுக்கு 30 அங்குல உயரம், 3 அங்குல அகலம். பின்னுக்கு அகலம் அரை அங்குலம் கூட. பண்ணைப் பாதையில் போவதற்கென்றே செய்த கார் அது.

ரயர் வாங்குவதில் இரண்டு இடத்தில் ஏமாறலாம். ஒன்று, அளவு எழுதும் முறை. பழைய காலத்தில் 26 x 3 என்றால் முதல் எண் முழு ரயரின் வெளி உயரம், அடுத்தது அகலம். பிறகு வந்த 3.50-19 என்பதில் முதல் எண் அகலம், அடுத்தது றிம்மின் விட்டம். இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரமான சில்லுதான். ஆனால் ரயரும் றிம்மும் மாறிப் பொருந்தா. 26 x 3 என்பது விளிம்பில் கொழுக்கி மாதிரி றிம்மைப் பிடிக்கும் பழைய வகை. காற்று குறைந்தால் கழன்று வரும். முந்திய ஒஸ்ரின் செவன்களில் அதுதான் இருந்தது. என்னுடையதில் நடுவில் பள்ளம் உள்ள றிம், ஆகவே 3.50-19. கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்து நிச்சயப்படுத்திய பிறகுதான் காசை எடுத்தேன்.

மற்றது ரயரின் வயது. கொழும்பில் ஒரு கடையில் “புத்தம் புதுசு, பாவிக்காதது” என்று இரண்டு ரயர் தந்தார்கள். பாவிக்காதது உண்மைதான். ஆனால் பக்கச் சுவரில் திகதி இலக்கம் மூன்றுதான் இருந்தது. 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு செய்த ரயரில் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டும் எத்தனையாம் வாரம், பின் இரண்டும் எந்த ஆண்டு. மூன்று இலக்கம் என்றால் அதற்கு முந்தியது. வளைத்துப் பார்த்தேன், வேப்பம்பட்டை மாதிரி வெடிப்பு. காசு போனது போனதுதான். அந்த இரண்டையும் மகள் பூங்கன்றுக்கு வட்டம் கட்டிவிட்டாள்.

புல்லட் மோட்டார் சைக்கிளுக்கும் 19 அங்குல ரயர் வருகிறதே, அதைப் போடேன் என்று பலர் சொன்னார்கள். நான் போடவில்லை. மோட்டார் சைக்கிள் வளைவில் சரியும், அதற்காக அதன் ரயர் உருண்டையாக இருக்கும். கார்ச் சில்லு சரியாது. நிமிர்ந்தபடி பக்கவாட்டில் தள்ளுப்படும். உருண்டை ரயர் நிமிர்ந்து நின்றால் நிலத்தைத் தொடுவது நடுவில் ஒரு கீற்று மட்டுந்தான். கடைசியில் லண்டனில் இருக்கும் மச்சான்தான் அங்கே பழைய கார்களுக்கென்றே புதிதாக வார்க்கும் ரயர் ஐந்து வாங்கி, கப்பல் பெட்டிக்குள் உடுப்பு, சொக்லேற் எல்லாவற்றுக்கும் நடுவே வைத்து அனுப்பினான்.

கம்பி வேலையை ஒட்டுசுட்டானில் சைக்கிள் கடை அண்ணையிடம் விட்டேன். அவரைவிட நல்ல ஆள் இதற்குக் கொழும்பிலும் கிடைக்காது என்பது என் எண்ணம். ஒவ்வொரு கம்பியையும் சாவியால் தட்டிச் சத்தம் கேட்டார். இறுகிய கம்பி ‘டிங்’ என்னும், தளர்ந்தது ‘டப்’ என்னும். ஒரு சில்லில் ஏழு கம்பி ‘டப்’. துருத் தின்ற நிப்பிள்களுக்கு (கம்பியை இறுக்கும் நட்டுகளுக்கு) இரண்டு நாள் மண்ணெண்ணெயும் ஒயிலும் விட்டுத்தான் அசைத்தோம். கோட்டம் எடுக்கும்போது, ஒரு பக்கக் கம்பியை இறுக்கினால் எதிர்ப்பக்கத்தை அதே அளவு தளர்த்த வேணும், இல்லாவிட்டால் றிம் முட்டையாகும் என்று சொல்லிச் சொல்லியே செய்தார். வண்டில் சில்லின் ஆரக்கால் பாரத்தைத் தூண் மாதிரி நின்று தாங்குகிறது. கம்பி நிற்காது, இழுபட்டுத்தான் தாங்கும். ஒரு கம்பி தளர்ந்தால் பக்கத்துக் கம்பிகள் அதன் பங்கையும் சேர்த்துச் சுமக்கும். முறிவது அந்தப் பக்கத்துக் கம்பிதான்.

ரயர் ஏற்ற இரும்புக் கோல் அதிகம் தேவைப்படவில்லை. பழைய ரியூபில் நீளமாக ஒரு பட்டி வெட்டி, கம்பி முனைகளை மூடி றிம்மைச் சுற்றிப் போட்டேன். ரியூபுக்குள் கொஞ்சம் காற்று, வெளியே பவுடர். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி ரயரின் விளிம்பை றிம்மின் பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டே வந்து, வால்வுக்குப் பக்கத்தில் முடிக்க வேண்டும். கடைசி ஒரு சாண் கையாலேயே ஏறியது. பலம் தேவைப்பட்டால் எங்கேயோ விளிம்பு பள்ளத்தை விட்டு மேலேறிவிட்டது என்று பொருள். நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்குவது நல்லது.

வில்லு

ஒஸ்ரின் செவனின் சசி (அடிச்சட்டம்), முன்னுக்கு ஒடுங்கிப் பின்னுக்கு விரியும். ஆனால் பின் அச்சுவரைக்கும் அது போகாது, அதற்கு முன்னமே முடிந்துவிடும். அந்த இரண்டு முனையில் இருந்தும் பின்னோக்கி ஆளுக்கொரு வில் நீட்டிக்கொண்டிருக்கும். தடித்த பக்கம் சசியில் இறுகியிருக்க, மெல்லிய நுனி அச்சைப் பிடித்திருக்கும். முழு வில்லை நாலாக வெட்டினால் வரும் ஒரு துண்டு என்பதால் கால் வில். முன்பக்கம் வேறு மாதிரி: ஒரே ஒரு வில், குறுக்கே படுத்திருக்கும். நடுப்பகுதி சசி மூக்கில், இரு நுனியும் சக்கிள் (ஆடும் இணைப்பு) வழியாக அச்சில். மொத்தமாக மூன்று வில்லில் ஒரு கார். மலிவாகவும் பாரமில்லாமலும் செய்ய வேண்டும் என்று யோசித்தவர்களின் வேலை அது. சசியை மிச்சம் பிடித்து, அதன் வேலையையும் வில்லிடமே கொடுத்திருக்கிறார்கள்.

வில்லைக் கழற்றும்போது ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் போல்ற்றைத் தளர்த்துமுன், இரண்டு ஜி கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். இல்லாவிட்டால் தகடு பாயும். ஒவ்வொரு தகட்டிலும் பொன்சால் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி என்று அடையாளம் குத்தினேன். பிறகு கம்பித் தூரிகை, மண்ணெண்ணெய்.

வெடிப்புப் பார்க்க மிசின் தேவையில்லை. தகட்டை ஒரு இரவு மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, காலையில் நன்றாகத் துடைத்து, வெண்கட்டித் தூள் பூசி நிழலில் வைத்தேன். வெடிப்புக்குள் போன மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து வெண்மையில் மயிரிழை மாதிரிக் கோடு போடும். வலப்பக்க வில்லில் ஒரு தகடு ஏற்கனவே முறிந்திருந்தது. இந்தச் சோதனையில் இடப்பக்கத்திலும் ஒன்று போல்ற் துளையில் இருந்து கோடு காட்டியது. வில்லுத்தகட்டை வெல்டிங் வைத்து ஒட்டக்கூடாது. ஒட்டின இடத்துக்குப் பக்கத்தில் அடுத்த கிழமை முறியும். ஆகவே பழைய வில் ஒன்றில் தடிப்பு ஒத்த தகடு இரண்டை எடுத்து, அகலத்தைத் தண்ணீர் விட்டு விட்டு அரைத்தேன். அரைக்கும்போது நீலம் பாய்ந்தால் அந்த இடம் பதம் கெட்டுப்போகும்.

முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு கொல்லர் ஐயா இருக்கிறார். கத்தி, கோடரி, வண்டில் பட்டம் எல்லாம் செய்தவர். தகடுகளைக் கொண்டுபோனேன்.

“எவ்வளவுக்கு வளைக்கிறது தம்பி?”

“பழைய அளவு தெரியாது ஐயா. எங்கட றோட்டு தெரியுந்தானே. கொஞ்சம் கூடவே வளைச்சு விடுங்கோ.”

அவர் என்னைப் பார்த்தார், பிறகு தகட்டைப் பார்த்தார். “அச்சு இதில எந்தப் பக்கம்?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியின் அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

கரி உலையில் சிவக்கக் காய்ச்சி, முதிரைக் கட்டையில் வளைத்து, காந்தம் ஒட்டாத சூட்டில் எடுத்து ஒயிலுக்குள் விட்டார். அந்த நிலையில் தகடு கண்ணாடி மாதிரி, தட்டினால் உடையும். பதம் இறக்குவதை அவர் செய்ததைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். தகட்டில் ஒயில் பூசிக் கரிக்கு மேலே பிடிப்பார். சூடு ஏற ஏறப் புகைந்து, ஒரு கட்டத்தில் ஒயில் தானாகப் பற்றி எரிந்து முடியும். திரும்பப் பூசுவார், திரும்ப எரிய விடுவார். ஒரு நுனியில் இருந்து மறு நுனி வரைக்கும் ஒரே மாதிரி எரிந்தால் பதமும் ஒரே மாதிரி. குட்டைத் தகட்டை நீளத் தகட்டைவிடக் கொஞ்சம் கூட வளைத்தார். ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் நுனி தொட்டுக்கொள்ள, அடிப்பக்கம் வெளிச்சம் தெரியவேண்டும்; போல்ற் இறுக்கும்போது அந்த வெளிச்சம் மூடி, தகடுகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். இதை நான் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது.

பூட்டி இறக்கினால் வண்டியின் பின்பக்கம் முந்தியதைவிட இரண்டேகால் அங்குலம் உயர்ந்து நின்றது. எனக்கு நல்ல சந்தோசம். மாங்குளம் றோட்டில் ஏறினேன். நேர் றோட்டில் ஒரு குறையும் இல்லை. முதல் வளைவில் ஸ்ரியறிங்கை நான் திருப்பியதைவிட வண்டி கூடத் திரும்பியது. பதறி நேராக்கினேன், மற்றப் பக்கம் திரும்பியது. 25 மைல் வேகந்தான். றோட்டில் எதிரே யாரும் வராதது கடவுள் செயல்.

கிங் பின்னை (முன்சில்லு திரும்பும் அச்சாணியை) சந்தேகித்தேன், ஸ்ரியறிங் பெட்டியைச் சந்தேகித்தேன், காற்றைக் கூட்டிக் குறைத்தேன். இரண்டு கிழமை போன பிறகு ஐயாவின் கேள்வி நினைவுக்கு வந்தது. அச்சு எந்தப் பக்கம்?

கால் வில்லின் நுனி நேராக மேலே கீழே போவதில்லை. சசிப் பிடிமானத்தை மையமாக வைத்து ஒரு வட்டக் கோட்டில்தான் போகும். நுனி பிடிமானத்தைவிடத் தாழ்ந்திருந்தால், மேலேறும்போது அச்சைப் பின்னுக்குத் தள்ளும். இறங்கும்போது முன்னுக்கு இழுக்கும். வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாய்கிறது. வெளிச்சில்லு மேலேறிப் பின்னுக்குப் போகிறது, உள்சில்லு இறங்கி முன்னுக்கு வருகிறது. அச்சு முழுவதும் கோணலாகிப் பின்சில்லுகள் வளைவுக்கு வெளிப்பக்கம் பார்க்கின்றன. வண்டியின் பின்பகுதி தானாக வெளியே போகிறது. வில் எவ்வளவு வளைவோ, நுனி அவ்வளவு தாழ்வு, கோணலும் அவ்வளவு கூட. பாரத்தோடு வில் கிட்டத்தட்ட மட்டமாக நின்றால் இந்த முன்பின் அசைவு மிகச் சின்னது. நான் உயரத்துக்கு ஆசைப்பட்டு வண்டிக்குப் பின்பக்கமும் ஒரு ஸ்ரியறிங் வைத்துவிட்டேன்.

திரும்பப் போனேன். ஐயா ஒன்றும் சொல்லவில்லை. இந்தமுறை உலை மூட்டவில்லை. குழிந்த கட்டையில் தகட்டைக் கவிழ்த்துவைத்து, நுனியில் இருந்து அடிவரை சின்னச் சின்ன அடியாக, குளிராகவே வளைவை எடுத்தார். மகள் இரு முனைக்கும் நூல் பிடிக்க, நடுவில் நான் அளந்தேன். இடமும் வலமும் பதினாறில் ஒரு அங்குலத்துக்குள் ஒத்துவரும்வரை விடவில்லை. ஒரு பக்கம் கூட வளைந்தால் நேர் றோட்டிலேயே அச்சு கோணலாக நிற்கும். இப்போது இரண்டு பேர் ஏறினால் வில் மட்டத்துக்குச் சற்றுக் கீழே. அதே வளைவை அதே வேகத்தில் எடுத்தேன். திருப்பிய அளவுக்குத்தான் திரும்பியது.

தகடுகளுக்கு இடையில் கிறீஸ் போடுவதா விடுவதா என்பதில் ஆளுக்கொரு கருத்து. தகடுகள் ஒன்றோடொன்று உரசுவதால்தான் துள்ளல் அடங்குகிறது. அளவுக்கு மீறி வழுக்கினால் வண்டி பந்து மாதிரி. ஒன்றும் போடாவிட்டால் துருப் பிடித்து வில் கட்டையாகிவிடும். ஆனால் எங்கள் செம்மண் தூசி கிறீஸோடு சேர்ந்தால் அரைக்கும் பசை, அது இரண்டையும்விடக் கேடு. நான் கிறபைற் கலந்த கிறீஸை மெல்லியதாகப் பூசி, மேலே மாட்டுத் தோலில் உறை தைத்துக் கயிறு கட்டினேன். அந்தக் காலத்திலேயே இப்படித் தோலுறை விற்றிருக்கிறார்கள்.

சொக் அப்சோபர் என்று இதில் இருப்பதில் ஒயில் இல்லை. இரண்டு கை, நடுவில் வட்டத் தட்டுகள், ஒரு நட்டு. உரசித்தான் வேலை செய்யும். தட்டுகள் உக்கிப்போயிருந்தன. பழைய கிளச் தட்டை வெட்டலாம் என்று ஒருவர் சொன்னார். அதில் கல்நார் இருக்கும், அந்தத் தூசியைச் சுவாசிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். முதிரையில் கடைந்தேன். மரத் தட்டு இந்த வகை சொக்குக்குப் பழைய வழக்கந்தான். இறுக்கம் இரு பக்கமும் ஒன்றாக இருக்க, முல்லைத்தீவுச் சந்தையில் மீன் நிறுக்கும் கொழுக்கித் தராசு ஒன்று வாங்கிச் சொக்கின் கை நுனியில் மாட்டி இழுத்தேன். என் வண்டிக்கு ஆறு கிலோவில் அசையத் தொடங்குவது சரியாக இருக்கிறது. மாரியில் மரம் ஊதி இறுகும், அப்போது கால் சுற்றுத் தளர்த்த வேண்டும்.

ஓடிப் பார்த்தது

கார்த்திகை மழை நாலு நாள் பெய்த பிறகு முத்தையன்கட்டு வாய்க்கால் கட்டால் போனேன். நாலு விரல் சேறு. எனக்கு முன்னால் போன பிக்கப் ஒன்று அரைவாசியில் வழுக்கிப் பக்கவாட்டாய் நின்றுவிட்டது. ஒஸ்ரின் இரண்டாம் கியரில் ஆடாமல் போனது. திரும்பிப் பார்த்தபோது கத்தியால் கீறியது போல இரண்டு கோடு, அடியில் கிரவல் தெரிந்தது. ஆனால் உழவு இயந்திரத் தடம் இருக்கும் பாதையில் பெரிய தொல்லை. என் வண்டியில் இரு பக்கச் சில்லுக்கும் இடையில் இருக்கும் 40 அங்குலத்துக்கு அந்தத் தடம் அகலம். ஒரு சில்லு தடத்துக்குள், மற்றது நடு மேட்டில், வண்டி சாய்ந்தபடியே போகும். அடியில்லாத வயல் சேற்றிலும் கடற்கரை மணலிலும் இந்தச் சில்லு அச்சுவரை இறங்கும். வட்டாப்பளைக் கோயில் மணலில் ஒருமுறை ஆறு பேர் தூக்கித்தான் எடுத்தோம். வண்டி அரைத் தொன்னுக்கும் குறைவு என்பதால் தூக்க முடிந்தது.

முறிகண்டிப் பிள்ளையாரடியில் தேங்காய் உடைத்தபோது கச்சான் விற்கும் அம்மாக்கள் சுற்றி நின்று சில்லைத் தட்டிப் பார்த்தார்கள். போகவர இருந்த கிடங்கு எல்லாம் இருக்கைக்கு வந்தது உண்மை. கால் வில் மென்மையானது என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். சின்னக் கிடங்கைச் சில்லு விழுங்குகிறது, பெரியதை நீங்கள்தான் விலத்த வேண்டும்.

ஐயாவை ஏற்றிக்கொண்டு ஒருநாள் குளக்கட்டுக்குப் போனேன். முன்னுக்கு இருக்க மாட்டேன் என்று பின்னுக்கு ஏறிக் குனிந்து வில்லையே பார்த்துக்கொண்டு வந்தார். கட்டில் நிறுத்தச் சொல்லி இறங்கி, தோலுறையின் கயிற்றை அவிழ்த்து, தகடுகளுக்கு இடையில் நகத்தை விட்டுப் பார்த்தார். “வலப்பக்கப் புதுத் தகடு கொஞ்சம் இறங்கும் தம்பி. மழை முடிய நூல் பிடிச்சுப் பார்.”

தைப் பொங்கல் முடிந்து பார்த்தேன். 400 மைல் ஓடியிருக்கிறது. இடப்பக்கம் அப்படியே. வலப்பக்கம் எட்டில் ஒரு அங்குலம் இறங்கியிருக்கிறது. சிறுபோகத்துக்கு முன் அந்தத் தகட்டைக் கழற்றிக் கொண்டுபோக வேண்டும். முன் வில்லின் சக்கிள் புஷ் இரண்டையும் பித்தளையில் கடையக் கிளிநொச்சியில் கொடுத்திருக்கிறேன்.